ஃப்ளாட் பையன்களை எடுத்தால் அது வீடியோ கலை ஆகுமா?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கும் கல்லூரி மாணவர் கேட்டது இது: "நகர வாழ்க்கையையும் இளைஞர்களையும் வைத்து வீடியோ கலை செய்கிறவர்கள் யார் யார்? நம் மலேசியாவில் உண்டா? நான் ஒரு வருடமாக எங்கள் ஃப்ளாட் பையன்களைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பது, மோட்டார் சைக்கிள் கழுவுவது, உறுமி அடித்துப் பழகுவது. நண்பர்கள் இதை வ்ளோக் என்கிறார்கள். விரிவுரையாளர் டாக்குமென்டரி என்கிறார். இது வீடியோ கலை ஆகுமா?"

ஆகலாம் தம்பி. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இன்னும் ஆகவில்லை. எடுத்ததில் குறை இருக்கும் என்று சொல்லவில்லை. எடுத்ததை என்ன செய்யப் போகிறோம் என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலைஞன் இல்லை. சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். வார நாட்களில் கண்காட்சிகளுக்குப் புரொஜெக்டர், ஸ்பீக்கர், டிவி மாட்டிக் கொடுக்கிறவன். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. ஒரு படைப்பு சுவரில் சரியாக விழுவதற்குள் பத்துப் பதினைந்து தடவை அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஏணிமேல் நின்று லென்ஸைத் திருப்பிக்கொண்டே பார்த்ததில் சேர்ந்த விஷயங்கள்தான் இங்கே வருகின்றன.

கல்யாணத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கல்யாணத்துக்கு ஆறு ஏழு மணி நேரம் எடுப்பேன். வீட்டுக்காரர் கேட்பது நாலு நிமிட ஹைலைட்ஸ். தாலி கட்டும் இடம், பெண்ணின் கண் கலங்கும் இடம், ட்ரோனில் மண்டபம். பாட்டு ஏறும்போது படமும் ஏற வேண்டும். மீதியெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். சமையல்கட்டில் ஒரு பெரியம்மா வாழை இலையைத் துடைத்துக்கொண்டே சத்தமில்லாமல் அழுவது, மண்டபத்துக்கு வெளியே நாலு பையன்கள் மோட்டார்மேல் உட்கார்ந்து ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுப்பது, யாரும் பார்க்காதபோது மாப்பிள்ளை வேட்டியை அவிழ்த்துக் கட்டுவது. வ்ளோக், விளம்பரம், பாட்டு வீடியோ எல்லாம் ஹைலைட்ஸ் பக்கம். டாக்குமென்டரி அந்த மீதியிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆனால் எதையாவது விளக்க வேண்டும் என்ற பொறுப்பு அதற்கு உண்டு. வீடியோ கலைஞர் பெரும்பாலும் அந்த மீதியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். விளக்கம் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

பார்க்கும் விதமும் வேறு. கலைக்கூடத்தில் படம் ஏழு மணிக்குத் தொடங்காது. லூப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் நடுவில் வருவார், நடுவில் போவார். பெஞ்சு கூட இருக்காது பல இடத்தில். அதனால் 'அடுத்து என்ன' என்ற ஆவலை நம்பி எடுத்தது அங்கே நிற்காது. எந்த நிமிடத்தில் நுழைந்தாலும் ஆளைப் பிடித்து வைக்க வேண்டும். நான் எந்தப் படைப்பைப் பார்த்தாலும் இரண்டு விஷயம் கவனிப்பேன்: கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் பக்கத்தில் நிற்கிறது. நீங்களும் இதை வைத்துக்கொண்டு பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது நம் பேட்டையிலேயே எடுத்தது. மலேசியரான கிறிஸ் சோங் சான் ஃபூய் 2008இல் முடித்த 'பிளாக் பி'. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி. இந்தியாவிலிருந்து வேலை நிமித்தம் வந்தவர்கள் தங்கியிருக்கும் கட்டடம். கேமரா எதிரே ஊன்றியது ஊன்றியபடி நிற்கிறது, சுமார் இருபது நிமிடம். ஜூம் இல்லை, திரும்பல் இல்லை. திரை முழுக்க மாடி மாடியாகக் காரிடார்கள். ஆட்கள் சின்னச் சின்னதாகத் தெரிவார்கள். யாரோ நடக்கிறார், யாரோ நின்று பேசுகிறார், கதவு திறக்கிறது. ஆனால் பேச்சு மட்டும் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி காதில் விழும்.

இங்கேதான் அந்தப் படைப்பின் சூட்சுமம். காது கிட்டே, கண் தூரத்தில். குரல் கேட்டதும் கண் தேடத் தொடங்கும், எந்த மாடி, எந்தக் கதவு என்று. கண்டுபிடிப்பதற்குள் வேறொரு குரல். ஃப்ளாட்டில் வளர்ந்தவனுக்கு இது புதிதா? பக்கத்து வீட்டுச் சண்டையின் ஒவ்வொரு வார்த்தையும் நமக்குத் தெரியும், அந்த முகத்தை லிஃப்ட்டில் பார்த்தால் தெரியாது. அடுக்குமாடி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இருபது பேரைப் பேட்டி எடுத்தாலும் வராத விஷயம், மைக்கையும் கேமராவையும் இரண்டு வேறு தூரத்தில் வைத்ததால் வந்துவிட்டது. டொரொன்டோ திரைப்பட விழாவில் அந்த வருடம் சிறந்த கனடியக் குறும்படம் என்று அதற்குப் பரிசு கொடுத்தார்கள். அவர் கனடாவிலும் வாழ்ந்தவர்.

எனக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேமரா கடைசிவரை காரிடாருக்குள் வராது. அது அவர் எடுத்த முடிவு, சரியான முடிவும்கூட. ஆனால் அதே பிரிக்ஃபீல்ட்ஸில்தான், 1905இல் கட்டிய ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் இருந்தது. ரயில்வேயிலும் மற்ற அரசாங்க வேலையிலும் இருந்தவர்களின் குடியிருப்பு. மூன்று தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் அந்த வாசல்களில் பந்து உதைத்து வளர்ந்தார்கள். 2010 அக்டோபரில் மலேசியா, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் வந்து பிரிக்ஃபீல்ட்ஸை லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்தார்கள், வளைவும் வண்ணமும் வந்தது. அப்புறம் சில வருடத்தில் அந்தக் குவார்ட்டர்ஸை இடித்தார்கள். இடிப்பதற்கு முந்தின மாதம் ஆளுக்கு ஆள் கேமராவோடு அங்கே போனோம், நானும்தான். எல்லோரும் எடுத்தது கூரை ஓடுகளையும் ஜன்னலையும். அந்த வாசலில் உட்கார்ந்திருந்த பதினாறு வயசுப் பையனை யாரும் இருபது நிமிடம் எடுக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

சரி, இளைஞர்களுக்கு வருவோம். வெளிநாட்டில் இதைச் செய்தவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு உதவக்கூடிய நாலு பேரை மட்டும் சொல்கிறேன்.

பிரிட்டனின் மார்க் லெக்கி 1999இல் 'ஃபியோருச்சி மேட் மீ ஹார்ட்கோர்' என்று பதினைந்து நிமிட வீடியோ ஒன்றைச் செய்தார். 1970களிலிருந்து 90கள் வரை பிரிட்டிஷ் இளைஞர்கள் ஆடிய நடனக் கூடங்கள், ரேவ் கூட்டங்கள். கிட்டத்தட்ட முழுக்க மற்றவர்கள் எடுத்த பழைய டேப். அதை மெதுவாக்கி, திரும்பத் திரும்ப ஓட்டி, சத்தத்தை வெட்டி ஒட்டி, போன தலைமுறையின் ஆவிகளைப் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டார். உங்கள் ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை வருட வீடியோ கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். புதிதாக எடுக்க வேண்டும் என்ற அவசியமே இல்லாமல் போகலாம்.

நெதர்லாந்தின் ரினெக்கே டைக்ஸ்ட்ரா செய்தது இதற்கு நேர் எதிர். 1996, 97இல் லிவர்பூலிலும் ஜான்டாமிலும் இரண்டு கிளப்புகளுக்குள் வெள்ளைப் பின்னணி கட்டி, ஆட வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேமரா முன் நிறுத்தினார். கூட்டமும் இருட்டும் விளக்கும் போனதும், பாட்டுக்கு ஆடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் நிற்பாள் பாருங்கள், அந்தக் கூச்சம்தான் படைப்பு. கூட்டத்தில் சூரனாக இருக்கும் பையன் தனியாக நின்றால் கையை எங்கே வைப்பான்? அவர் எடுத்தது அதைத்தான்.

ஃபில் காலின்ஸ் என்று ஒருவர், பாடகர் இல்லை, அதே பெயருள்ள பிரிட்டிஷ் கலைஞர். 2004இல் ரமல்லாவில் பாலஸ்தீன இளைஞர்களை ஒரு நாள் முழுக்க, எட்டு மணி நேரம், டிஸ்கோ பாட்டுக்கு ஆட வைத்து எடுத்தார். நடுவில் கரண்ட் போகும், பாங்கு சொல்வார்கள், ஆட்டம் நிற்கும், திரும்பத் தொடங்கும். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். செய்தியில் ரமல்லா என்றால் கல்லும் புகையும்தான் காட்டுவார்கள். இங்கே களைத்துப்போன பிள்ளைகள், வியர்வை, சிரிப்பு. இருந்தாலும் ஒரு கேள்வி எனக்கு விடவில்லை: ஆட வைத்தது யார், ஆடியது யார்? வெளியிலிருந்து வந்தவர் 'ஆடு' என்றார், அவர்கள் ஆடினார்கள். கேமரா நீண்ட நேரம் நின்றால் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எனக்குப் பிடித்தது நாலாவது ஆள், சீனாவின் சாவ் ஃபெய். குவாங்சோவில் 1978இல் பிறந்தவர். 2004இல் 'காஸ்ப்ளேயர்ஸ்'. வீடியோ கேம் பாத்திரங்களாக வேஷம் கட்டிய பிள்ளைகள் நகரத்தின் வெட்ட வெளியிலும் கட்டுமான இடங்களிலும் வாள் வீசிச் சண்டை போடுவார்கள், சாவார்கள். அது முடிந்ததும் அதே கவசம், அதே சாயத் தலையோடு வீட்டுக்குப் போவார்கள். அப்பா பாட்டுக்கு அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், மகன் கவசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு தலைமுறைக்கு நடுவில் உள்ள தூரத்தை ஒரு சின்ன ஹாலுக்குள் காட்டியாயிற்று. தைப்பூசத்தன்று உறுமி மேளக் குழுவின் டீ-சட்டையோடு, காலில் புழுதியோடு வீட்டுக்கு வந்து, அம்மா வைத்த சோற்றைப் பேசாமல் சாப்பிடும் பையன்தான் எனக்கு அங்கே தெரிந்தான்.

இனி நம் நாடு. ஆரம்பத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஜார்ஜ்டவுனில் பிறந்த வோங் ஹோய் சியோங் 1990இலேயே 'சூக் சிங்' என்று ஜப்பானியர் காலத்து நினைவுகளை வைத்து வீடியோ செய்தார். 1997இல் ஹஸ்னுல் ஜமால் சைடோனும் நிரஞ்சன் ராஜாவும் சேர்ந்து தேசியக் கலைக்கூடத்தில் முதல் மின்னணுக் கலைக் கண்காட்சியை நடத்தினார்கள். இரண்டாவது பெயரைப் பார்த்தீர்களா? கணினியும் வீடியோவும் கலைக்கூடத்துக்குள் வந்த கதையில் முதல் பக்கத்திலேயே நம் காதுக்குப் பழகிய ஒரு பெயர் இருக்கிறது. நம் ஆட்களிடம் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை.

2000 வாக்கில் சின்ன டிஜிட்டல் கேமரா கைக்கு எட்டும் விலைக்கு வந்ததும் கோலாலம்பூரில் ஒரு கூட்டமே கிளம்பியது. அமீர் முஹம்மது தன் குறும்படக் கட்டுரைகளுக்கு அப்புறம் 2003இல் 'தி பிக் டுரியான்' எடுத்தார். 1987 அக்டோபரில் சௌகிட்டில் ஒரு ராணுவ வீரர் துப்பாக்கியோடு வெறி பிடித்துச் சுட்ட இரவு, அதையொட்டி ஊரில் பரவிய வதந்தி, பயம், அரசாங்கம் பலரைப் பிடித்து உள்ளே வைத்த ஓப்பராசி லாலாங் நடவடிக்கை. நிஜமானவர்களும் நடிகர்களும் மாறி மாறிப் பேட்டி கொடுப்பார்கள், யார் யார் என்று பார்க்கிறவருக்குச் சொல்லமாட்டார். ஒரு நகரம் வதந்தியால் எப்படி இயங்குகிறது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. மாமாக் கடையில் நாம் கேட்பதும் அப்படித்தானே, பாதி நிஜம், பாதி நடிப்பு.

வோங் ஹோய் சியோங் பெயரை மறுபடி எடுக்கக் காரணம் இருக்கிறது. 2007இல் இஸ்தான்புல் பியென்னாலே என்ற கலைக் கண்காட்சிக்காக, இடிக்கப்படவிருந்த சுலுகுலே என்ற ரோமா (ஜிப்சி) மக்கள் பேட்டைக்குப் போய், அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து வீடியோ செய்தார். தங்கள் தெருவை அவர்களே காட்டினார்கள், அவர்களே சொன்னார்கள். பினாங்குக்காரருக்கு இடிபடும் பேட்டை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதும் ஜார்ஜ்டவுனின் உள்தெருக்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டினார்கள். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல், 2012இல் சுவர் ஓவியங்கள், இன்றைக்கு அந்த ஓவியத்தின் முன் நின்று படம் எடுக்க வரிசை. சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் சுவரில் இருக்கிறார்கள், தெருவில் ஓட்டின பிள்ளைகள் தீவுக்கு எதிர்க்கரை மெயின்லேண்ட் ஃப்ளாட்டுகளில் இருக்கிறார்கள். கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன் போலிருக்கிறது. ஓவியங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

அதே பினாங்கிலிருந்து அடுத்த தலைமுறையில் ஒகூய் லாலா. 2017இல் 'மை லாங்குவேஜ் ப்ரொஃபிஷியன்சி' என்ற வீடியோவில் தனக்குத் தெரிந்த மொழிகளில் தன்னோடு தானே உரையாடுவார். ஒரு மொழியில் கேட்டால் வேறு மொழியில் அவரே பதில். நாம் ஒரு வாக்கியத்தில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் போட்டுப் பேசுகிறோமே, அது வெட்கப்பட வேண்டிய விஷயமா, சாமர்த்தியமா என்ற நம் பழைய சண்டை அதில் இருக்கிறது. உங்கள் ஃப்ளாட் பையன்களின் பேச்சைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன். 'டேய் மச்சான் ஜோம்லா' என்றால் அப்படியே இருக்கட்டும்.

இப்போது நம் பையன்கள். திரையில் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டே வேடம்: செய்தியில் குண்டர் கும்பல், தைப்பூசத்தில் காவடி. இதை முதலில் மாற்றிக் காட்டியது பாட்டு என்று நினைக்கிறேன். 2006இல் யோகி பி நட்சத்ரா ராப் குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது செந்தூல் பையன் ஒருவன் முதல்முறையாகத் தன் உச்சரிப்பைத் தமிழ் ராப்பில் கேட்டான். சினிமாவில் தீபக் குமரன் மேனன் 2007இல் 'சலங்கை'யைப் பிரிக்ஃபீல்ட்ஸ் குடும்பம் ஒன்றை வைத்து எடுத்தார். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்தது. தோட்டத்தை விட்டு ஊருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் 90களின் தொடக்கத்தில் எந்தப் பக்கம் இழுக்கப்பட்டார்கள் என்ற கதை. மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படம் என்று தனிப் பிரிவில் ஒதுக்கியதற்கு எழுந்த சத்தத்தில் விழாக்காரர்கள் அந்தப் பிரிவையே எடுத்துவிட, 2016இல் சிறந்த மலேசியத் திரைப்படம் விருது அதற்கே வந்தது. இவையெல்லாம் கதைப் படங்கள். கலைக்கூடங்களில் நான் மாட்டிக் கொடுத்த வீடியோக்களில் நம் பையன்களே எடுத்தது என்று பார்த்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கும். நம்மிடம் ஃபூட்டேஜ் இல்லாமலா? கல்யாணம், சாவு வீடு, கோயில் திருவிழா, ஃபுட்சால் என்று மற்றவர்களைவிட அதிகம் எடுத்துத் தள்ளியிருக்கிறோம். எல்லாம் ஹைலைட்ஸ் ஆகிப் போகிறது.

என் கையாலேயே அப்படிப் போனது ஒன்று உண்டு. ஒரு மாப்பிள்ளையின் நண்பர்கள் உறுமி மேளக் குழு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஃப்ளாட்டின் கார் பார்க்கில் ராத்திரி பதினொரு மணிக்குப் பழகினார்கள், எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்க வேண்டும், அப்போதுதான் அந்த முனகல் வரும். குழுவில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பையனுக்கு அது வரவில்லை. ஒரே எட்டு அடியைப் பத்துப் பதினைந்து தடவை திருப்பி வாசித்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, பெரியவன் ஒருவன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கோணத்தை மட்டும் திருப்பிவிட்டான். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு அம்மா, "டேய், நாளைக்குப் பிள்ளைங்களுக்கு ஸ்கூலுடா!" என்று கத்தினார். சத்தம் நின்றது. அப்புறம் ஒருவன் தன் மோட்டாரின் டேங்க்கில் விரலால் அதே எட்டு அடியைத் தட்டத் தொடங்கினான். இன்னொருவன் தன் சீட்டில். ஐந்தாறு மோட்டார், ஐந்தாறு பேர், விரல் நுனியில் மேளம். சின்னப் பையனும் தட்டினான், இப்போது சரியாக வந்தது. பன்னிரண்டு நிமிடம் அப்படி ஓடியது. ஹைலைட்ஸில் நான் அதிலிருந்து எடுத்தது நாலு விநாடி, அதற்கும் மேலே ஒரு சினிமாப் பாட்டு. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை யாராவது ஓர் இருட்டறையில் நல்ல ஸ்பீக்கரோடு போட்டிருந்தால் போதும், கூட ஒரு வார்த்தை எழுதி மாட்ட வேண்டியதில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்களிடம் இருக்கும் ஒரு வருடத்தில் இப்படிப்பட்ட பன்னிரண்டு நிமிடத்தைத் தேடுங்கள். புதிதாக எடுப்பதென்றால் சில விஷயங்கள் சொல்கிறேன்.

போனைக் கையில் பிடிக்காமல் எங்காவது ஊன்றுங்கள். எல்ஆர்டி நிலையத்திலும் மாலிலும் முக்காலியை விரித்த ஐந்தாவது நிமிடம் காவலுக்கு நிற்கும் கார்டு வந்துவிடுவார். ஃப்ளாட் உங்கள் இடம், அங்கே அந்தத் தொல்லை இல்லை. படத்தைவிடச் சத்தத்துக்குப் பணம் செலவழியுங்கள். போன் மைக் மேளச் சத்தத்தில் உடைந்து நொறுங்கிவிடும். தனியாக ஒரு சின்ன ரெக்கார்டர் வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். 'பிளாக் பி' செய்த மாதிரி மைக்கை ஒரு தூரத்திலும் கேமராவை வேறு தூரத்திலும் வைத்துப் பாருங்கள். மோட்டார் கழுவும் காட்சிதான் இதற்கு நல்ல பயிற்சி: கேமரா எதிர் பிளாக்கில், ரெக்கார்டர் வாளிக்குப் பக்கத்தில்.

அடுத்தது, கேலி செய்யாமல் கேளுங்கள், டாட்டூவையும் டீ-சட்டையையும் பாருங்கள். 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமென்று அறிவித்தது. எண்களால் அறியப்பட்ட கும்பல்கள் அதில் பல. பதினேழு வயசுப் பையன் அழகுக்காகக் குத்திய ஒரு எண், உங்கள் திரையில் பெரிதாகத் தெரிந்தால் அதன் விளைவு அவனுக்குத்தான், உங்களுக்கு இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பையனிடம் மட்டும் இல்லை, அம்மா அப்பாவிடமும் கேட்க வேண்டும். வெட்டி முடித்த பிறகு அவர்களையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். 'இது வேண்டாம்ண்ணே' என்று ஒருவன் சொன்னால் எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதனால் எந்தப் படைப்பும் கெட்டுப் போனதில்லை.

லைசென்ஸ் பற்றிப் பயமுறுத்துவார்கள். 1981ஆம் ஆண்டு ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) சட்டம் படத் தயாரிப்புக்கு உரிமம் கேட்கிறது. 2020 ஜூலையில், சமூக ஊடகத்தில் போடும் வீடியோவுக்கும் அது பொருந்தும் என்று நாடாளுமன்றத்திலேயே பதில் வந்து, ஊரே சிரித்து, டிக்டாக்கிற்கெல்லாம் வேண்டாம் என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். பொதுத் திரையிடல், விற்பனை என்று போகும்போது ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாட் கார் பார்க்கில் எடுக்கும்போது இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

பார்க்க எங்கே போவது? தேசியக் கலைக்கூடம், ஜாலான் துன் ரசாக்கை ஒட்டி ஜாலான் தெமர்லோவில். 1974இலிருந்து அவர்கள் நடத்தும் 'பாக்காட் மூடா செசாமான்' போட்டியில் இளம் கலைஞர்களின் வீடியோக்களும் இடம்பெறுவதுண்டு, ஒரு நாள் நீங்களும் அனுப்பலாம். கேஎல்சிசி பக்கம் 2015இல் திறந்த இல்ஹாம் கலைக்கூடம், அங்கே நுழைவு இலவசம். பரிசோதனைப் படங்களுக்கும் இசைக்கும் 2010இல் தொடங்கிய கிளெக்ஸ் விழா. கோக் சியூ வாய் அதன் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவர், அவரே வீடியோ கலைஞரும் குரல் கலைஞரும். பினாங்கு போனால் ஹின் பஸ் டெப்போ. பழைய பஸ் டெப்போ அது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்துக்குப் போகாமல் வார நாளில் போங்கள்.

போகும்போது அவசரப்படாதீர்கள். பார்வையாளர்கள் ஒரு வீடியோவின் முன் சராசரியாக நிற்கும் நேரத்தை நான் ஏணியிலிருந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒரு தே தாரிக் ஆற்றும் நேரம்கூட இல்லை. ஒரு தடவை ஓர் இடத்தில் இரண்டு திரை வீடியோ மாட்டினேன். இரண்டு பிளேயரும் மெதுவாக ஒத்திசைவு தவறி, ஒரு வாரத்தில் இடது திரை வலது திரையைவிட முக்கால் விநாடி முந்திவிட்டது. தொடக்க விழாவுக்கு வந்தவர்கள், அப்புறம் வந்த ஆயிரம் பேர், ஏற்பாட்டாளர், யாரும் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தது அங்கே வேலை செய்த கார்டு. செர்டாங் பக்கத்துத் தமிழர், ஓய்வு பெற்ற லாரி டிரைவர், அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தவர்.

"தம்பி, அந்தப் பையன் மூணாவது தடவை திரும்புறப்போதான் இந்தப் பக்கத்துல அவன் அம்மா கூப்பிடணும். இப்போ அவன் திரும்பின அப்புறம் கூப்பிடுறா. முதல்ல கூப்பிட்டாதான் அவன் திரும்புறதுக்கு அர்த்தம்" என்றார்.

ஏணியைப் போட்டுச் சரி செய்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் திரும்பும்வரை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

உங்கள் ஃபூட்டேஜைப் பார்க்க எனக்கும் ஆசைதான். தை, ஆவணி இரண்டு மாதமும் கல்யாண வேலை நெருக்கும், மற்ற நாளில் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கொண்டுவாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை ஒரு காப்பி எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், என் மேஜையில் தேநீர் கொட்டிப் போனவை ஏற்கெனவே இரண்டு.